ஆசனம் பறித்த சட்டமும் ஆயுள் பறித்த துப்பாக்கியும்

"சட்டசபையிலே பேசி என்ன ஆகப் போகிறது?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. பள்ளிபாளையத்துத் தறிப்பட்டறையில் கேட்கிறார்கள். நாமக்கல் லாரிப் பட்டறையில் கேட்கிறார்கள். ஆத்தூர் வட்டாரத்துச் சேகோ ஆலையில் கிழங்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடியே கேட்கிறார்கள். நூல் விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறக் காணோம். "ஓட்டுப் போட்டோம், ஆள் அனுப்பினோம், அவரும் போய்ப் பேசுகிறார், பேச்சால் பானை நிறையுமா?" என்ற கேள்வி வயிற்றிலிருந்து கிளம்பும் கேள்வி. அதை ஏளனம் செய்பவர்கள் அல்லர் நாம்.

ஆனால், அந்தக் கேள்விக்கு அடுத்தபடியாக இன்னொரு கேள்வி இருக்கிறது. பேசுகிற இடமும் இல்லாது போனால்? நாம் அனுப்பியவர் அமர்வதற்கு ஆசனமே கிடையாது என்று ஆக்கிவிட்டால்? பிறகு அந்த மக்களின் கதி என்ன?

கற்பனை செய்து பார்க்க வேண்டியதில்லை, தோழர்களே! கடலுக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில், நம் மொழி பேசும் மக்களுக்கு அது நேர்ந்தே விட்டது. அந்தக் கதை முழுவதையும் ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்தே சொல்லிவிடலாம். அவர், இலங்கைப் பார்லிமெண்டில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அப்பாப்பிள்ளை அமிர்தலிங்கம்.

அவரைக் காணுமுன், ஓர் ஆங்கிலேயரைப் பார்த்துவிட்டு வருவோம். உள்நாட்டுப் போர் மூண்ட நாட்டில் ஓர் அரசியல்வாதி என்ன ஆவார் என்பதற்குச் சரித்திரம் எழுதி வைத்திருக்கும் பாடங்களில் அவர் வாழ்வும் ஒன்று.

மன்னன் வந்தான், படையும் வந்தது

இங்கிலாந்தை முதலாம் சார்லஸ் ஆண்ட காலம். வரி போடுவது என் உரிமை, கேட்க நீங்கள் யார் என்றான் மன்னன். கேட்பதற்காகத்தான் மக்கள் எங்களை அனுப்பியிருக்கிறார்கள் என்றது பார்லிமெண்ட். 1642 ஜனவரி 4 அன்று, ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய, ஆயுதம் தாங்கிய நூற்றுக்கணக்கானவர்கள் புடைசூழ மன்னனே சபைக்கு வந்தான். செய்தி முன்னதாகவே கசிந்துவிட்டதால், ஐவரும் தேம்ஸ் ஆற்றில் படகேறித் தப்பியிருந்தார்கள். எங்கே அவர்கள் என்று சபாநாயகரைக் கேட்டான். சபாநாயகர் லெந்தால் மண்டியிட்டார். ஆனால் காட்டிக் கொடுக்கவில்லை. சபை கட்டளையிட்டாலன்றித் தமக்குக் காணக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்ற கருத்துப்படப் பதில் சொன்னார். மன்னன் வெறுங்கையோடு திரும்பினான். அந்த ஆண்டு ஆகஸ்டில் போர் மூண்டது. 1649 ஜனவரி 30-இல் அதே மன்னனின் தலை வெட்டுண்டு வீழ்ந்தது.

இந்தப் பாதியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிவார்கள். மறுபாதி ஒன்று உண்டு.

அந்த ஐவரில் ஒருவர் டென்சில் ஹோல்ஸ். 1629-இல், மன்னன் கட்டளைப்படி சபையை ஒத்திவைக்க முயன்ற சபாநாயகரை நாற்காலியிலேயே பிடித்து அமர்த்தி வைத்தவர்களில் ஒருவர் அவர். மன்னனுக்கு அஞ்சாதவர், ஆனால், போர் நீண்டபோது, பேசித் தீர்க்க வழி உண்டா என்று தேடியவர். அது பொறுக்கவில்லை, வெற்றி பெற்ற படைக்கு. மன்னனின் படைக்கு அல்ல. பார்லிமெண்டின் சொந்தப் படைக்கு! 1647-இல் அந்தப் படை பதினொரு உறுப்பினர்கள்மீது குற்றம் சாட்டியது; பட்டியலில் ஹோல்ஸ் பெயர் முதன்மையாக நின்றது. பிரான்சுக்கு ஓடினார். 1648-இல் திரும்பி வந்து ஆசனத்தில் அமர்ந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் கர்னல் பிரைடு என்பவர் சிப்பாய்களோடு சபை வாசலில் நின்றுகொண்டு, கையில் இருந்த பட்டியலைப் பார்த்துப் பார்த்து, உறுப்பினர்களை உள்ளே விடாது தடுத்தார். ஹோல்ஸ் மறுபடியும் பிரான்சுக்கு ஓடினார்.

மன்னன் செய்ய முயன்று தோற்றதை, மன்னனை வென்றவர்கள் செய்து முடித்தார்கள். வாசலை அடைத்தவர்கள் மாறினார்கள்; அடைபட்டது அதே வாசல்தான்.

ஹோல்ஸ் பிழைத்துக் கொண்டார். முடியாட்சி திரும்பிய பின் பிரபுப் பட்டம் பெற்று, 1680-இல் எண்பது வயதுக் கிழவராக மாண்டார். அமிர்தலிங்கத்துக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

தலையில் கட்டோடு சபைக்கு

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையை அடுத்த பண்ணாகம் அவர் ஊர். பிறந்தது 1927 ஆகஸ்ட் 26. சட்டம் பயின்றவர். 1949 செப்டம்பரில் இங்கே பேரறிஞர் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைக் கண்டார். அதே ஆண்டு டிசம்பரில் அங்கே தந்தை செல்வநாயகம் இலங்கைத் தமிழரசுக் கட்சியைக் கண்டார். கடலின் இரு கரையிலும் மூன்று மாத இடைவெளியில் இரு கட்சிகள் பிறந்தன. அந்தக் கட்சியின் இளைஞர் பட்டாளத்தில் முன்னணியில் நின்றவர் அமிர்தலிங்கம்.

தமிழரசுக் கட்சி ஏன் பிறந்தது? பாட்டாளித் தோழர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். இலங்கையில் முதன்முதல் ஓட்டைப் பறிகொடுத்தவர்கள் வழக்கறிஞர்கள் அல்லர், வணிகர்கள் அல்லர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள்! 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த சட்டங்களும் மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கின. அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் யார்? திருச்சி, புதுக்கோட்டை, மதுரைச் சீமைகளிலிருந்தும், நம் சேலம் ஜில்லாவிலிருந்தும் பஞ்சத்துக்கு அஞ்சிக் கப்பலேறியவர்கள். காட்டைத் திருத்தித் தோட்டம் ஆக்கிய கை, ஓட்டுச் சீட்டைத் தொடக் கூடாது என்றது கொழும்பு. அந்தச் சட்டத்துக்குத் துணைபோன தமிழ்த் தலைமையோடு நிற்க முடியாது என்று பிரிந்தவர்கள்தாம் செல்வநாயகமும் அவர் தோழர்களும்.

1952 தேர்தலில் வட்டுக்கோட்டையில் நின்று தோற்றார் அமிர்தலிங்கம். 1956-இல் வென்றார். வென்ற சூட்டிலேயே வந்தது சோதனை. சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்ற மசோதா, 1956 ஜூன் 5 அன்று சபைக்கு வந்தது. பார்லிமெண்ட் கட்டடத்துக்கு எதிரே காலிமுகத்திடலில் தமிழரசுத் தொண்டர்கள் அறப்போருக்கு அமர்ந்தார்கள். கும்பல் பாய்ந்தது. கல் பறந்தது. போலீஸ் பார்த்துக் கொண்டு நின்றது. அமிர்தலிங்கத்தின் மண்டை உடைந்தது. தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு, நேரே சபைக்குள் போய் அமர்ந்தார் அவர்.

அந்தக் கட்டோடு அவர் ஏன் மருத்துவமனையில் படுத்துவிடவில்லை? ஏன் சபைக்குப் போனார்? வெளியே கல்லெறிந்தவனுக்குப் பதில் உள்ளே இருக்கிறது என்று நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவருடைய அரசியல் முழுவதும்.

மொழிக்காக அடிபடுவது என்றால் என்ன என்று நமக்கும் தெரியும். 1965 பிப்ரவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்தவர்கள்மீது பொள்ளாச்சியிலும் நம் குமாரபாளையத்திலும் துப்பாக்கிகள் வெடித்தன. ஆனால், இரண்டே ஆண்டுகளில், 1967-இல், ஓட்டுப் பெட்டி அதற்குப் பதில் சொல்லிற்று. சுடச் சொன்னவர்கள் கோட்டையிலிருந்து இறங்கினார்கள். சுடப்பட்டவர்களின் கட்சி ஏறியது. ஈழத் தமிழருக்கு அந்த வழி இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் அவர்கள் எத்தனை முறை பெட்டியை நிரப்பினாலும், கொழும்புச் சபையில் அவர்கள் சிறுபான்மை, என்றென்றும் சிறுபான்மை. தங்களுக்கென ஒரு மாநிலம் இல்லை, ஒரு சட்டசபை இல்லை. எனவேதான் கூட்டாட்சி கேட்டார்கள்.

கிழிக்கப்பட்ட தாள்கள்

கேட்டதற்குக் கிடைத்தவை ஒப்பந்தங்கள். ஒப்பந்தங்களுக்குக் கிடைத்தது குப்பைத் தொட்டி.

1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கா செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார். பிரதேச சபைகள் தருவதாக எழுதிக் கொடுத்தார். 1958 ஏப்ரலில், புத்த பிக்குகள் அவர் வீட்டு வாசலில் வந்து அமர்ந்ததும், ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதமே தமிழர் வீடுகள் எரிந்தன. சிங்களம் மட்டும் என்ற முழக்கத்தின் முதுகில் ஏறி ஆட்சிக்கு வந்த அந்தப் பிரதமரையே 1959 செப்டம்பரில் ஒரு பிக்கு சுட்டுக் கொன்றார். வெறியை வாகனமாக்கியவர் அந்த வெறிக்கே இரையானார்.

1961 பிப்ரவரியில் யாழ்ப்பாணத்துக் கச்சேரி வாசலில் மறியல். ஆணும் பெண்ணும் வாரக்கணக்கில் அமர்ந்தார்கள். ஏப்ரலில் பட்டாளம் வந்தது. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் அடைக்கப்பட்டார்கள். அமிர்தலிங்கமும் அவர்களில் ஒருவர். 1965-இல் டட்லி சேனநாயக்காவோடு இன்னோர் ஒப்பந்தம். மாவட்ட சபை தருகிறேன் என்றார். தரவில்லை. 1970-இல் அமிர்தலிங்கம் வட்டுக்கோட்டையில் தோற்றார். 1972 மே மாதத்தில் இலங்கை குடியரசாயிற்று. புதிய அரசியல் சட்டம் புத்த மதத்துக்கு முதலிடம் தந்தது. பழைய சட்டத்தில் சிறுபான்மையினருக்கென இருந்த சின்னஞ்சிறு காப்பும் போயிற்று.

1976 மே மாதம், வட்டுக்கோட்டை மாநாட்டில், தமிழர் விடுதலைக் கூட்டணி தனி நாடு என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. இருபது ஆண்டு கூட்டாட்சி கேட்டுக் கேட்டுக் களைத்த பிறகு! அதை ஒட்டித் துண்டு அறிக்கை கொடுத்தார் என்று அமிர்தலிங்கத்தையும் தோழர்களையும் கைது செய்து, ஜூரி இல்லாத தனி நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் வழக்கறிஞர்கள் அவர்களுக்காக எழுந்து நின்றார்கள். அரசியலில் எதிரெதிராக நின்ற செல்வநாயகமும் ஜி.ஜி. பொன்னம்பலமும் ஒரே வரிசையில் அமர்ந்தார்கள். வழக்கு நிற்கவில்லை, விடுதலையானார்.

1977 ஜூலைத் தேர்தல். 168 இடங்களில் ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 140. சுதந்திரக் கட்சிக்கு எட்டே எட்டு. உதயசூரியன் சின்னத்தில் நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. ஆம், அங்கேயும் உதயசூரியன்தான்! காங்கேசன்துறையில் வென்ற அமிர்தலிங்கம் இலங்கையின் எதிர்க்கட்சித் தலைவரானார். தனி நாடு கேட்கும் கட்சியின் தலைவர், அந்த நாட்டின் எதிர்க்கட்சி நாற்காலியில்! உலகம் வியந்தது. அடுத்த மாதமே மீண்டும் கலவரம்.

1981-இல் மாவட்ட அபிவிருத்தி சபை என்றொரு திட்டம். அதிகாரம் கடுகளவு. கிடைத்ததை வாங்கி, மேலும் கேட்போம் என்று கூட்டணி ஏற்றது. தேர்தல் நடக்கும் வாரத்தில், மே 31 இரவு தொடங்கி, யாழ்ப்பாணம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள் கொண்ட பொது நூலகம் சாம்பலாயிற்று. யாழ்ப்பாண உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடும் கொளுத்தப்பட்டது. சபையிலே எழுந்து நியாயம் கேட்டார் எதிர்க்கட்சித் தலைவர். கிடைத்த பதில் என்ன தெரியுமா? ஜூலையில், ஆளும் கட்சிக்காரர்கள் எதிர்க்கட்சித் தலைவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்து நிறைவேற்றினார்கள்! ஆளுங்கட்சிமீது எதிர்க்கட்சி நம்பிக்கையில்லை என்று சொல்வது ஊர் வழக்கம். எதிர்க்கட்சித் தலைவர்மீது ஆளுங்கட்சிக்கு நம்பிக்கையில்லையாம்! வீடு பறிகொடுத்தவன்மீது திருடன் பிராது கொடுத்த கதை இது.

ஒரு திருத்தம் அங்கே. ஒரு திருத்தம் இங்கே

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்தில் 13 சிப்பாய்கள் கண்ணிவெடித் தாக்குதலில் மாண்டார்கள். அடுத்த நாள் தொடங்கிக் கொழும்பு எரிந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடி வந்தார்கள். ஓட்டுரிமைக்காக எழுதிய பட்டியல் கொலைப் பட்டியலாயிற்று! ஜூலை 25-இலும் 27-இலும் வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே 53 தமிழ்க் கைதிகள் வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்டார்கள். சர்க்காரின் காவலில் இருப்பவன் சாவது என்றால் என்ன என்பதைச் சேலத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை இந்த ஊர் மறக்கவில்லை.

கொன்றவர்களைத் தண்டிக்கச் சட்டம் வரும் என்று எதிர்பார்த்தார்கள் சிலர். வந்தது சட்டம்! ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவசரம் அவசரமாக அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றினார் ஜெயவர்த்தனா. தனி நாடு கேட்பது குற்றம். கேட்டால் சொத்தும் குடியியல் உரிமையும் பறிபோகும். உறுப்பினர்கள், வழக்கறிஞர்கள், அரசு ஊழியர்கள் எல்லாரும் அதற்கேற்பச் சத்தியப் பிரமாணம் செய்தாக வேண்டும். தனி நாடு என்று சொல்லி மக்களிடம் ஓட்டு வாங்கிய கூட்டணியினர், அந்த மக்களின் சாம்பல் ஆறுமுன் அந்தச் சத்தியத்தைச் செய்ய மறுத்தார்கள். சபைக்குப் போகவில்லை. மூன்று மாதம் வராததால் ஆசனம் காலி என்று அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர் சபையை விட்டு வெளியேற்றப்பட்டார். கத்தியோடு வந்து யாரும் தள்ளவில்லை, சட்டம் தள்ளியது.

மன்னன் வந்து கேட்டபோது ஐந்து உறுப்பினர்களைக் காட்டிக் கொடுக்க மறுத்தது இலண்டன் சபை. கொழும்புச் சபையோ, தன் உறுப்பினர்களைத் தானே கைதூக்கி வெளியேற்றிக் கொண்டது.

"நம் நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வந்ததே!" என்று நினைவுபடுத்தும் பழைய தோழர்கள் உண்டு. உண்மை. 1963-இல் பதினாறாவது திருத்தம் வந்தது; தேர்தலில் நிற்பவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்றது. திராவிட நாடு கேட்ட கட்சியைக் குறிவைத்தே வந்த சட்டம் அது. அண்ணா என்ன செய்தார்? கோரிக்கையைக் கைவிட்டார், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று சொல்லியே கைவிட்டார். கோழைத்தனம் என்றனர் சிலர். நான்கே ஆண்டுகளில் கோட்டையில் கொடி ஏறியது. சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் இந்திக்கு இடமில்லை என்று சட்டசபையே தீர்மானம் போட்டது.

அண்ணா செய்ததை அமிர்தலிங்கம் ஏன் செய்யவில்லை? ஆளைப் பார்த்து விடை காண முடியாது. வாசலைப் பார்க்க வேண்டும். அண்ணா ஒரு கோரிக்கையைக் கைவிட்டபோது, அவர் நுழைவதற்கு ஒரு சட்டசபை இருந்தது, மொழிவழி அமைந்த ஒரு மாநிலம் இருந்தது, பெரும்பான்மை பெறும் வழி இருந்தது. அமிர்தலிங்கத்துக்கு என்ன இருந்தது? கிழிந்த ஒப்பந்தங்கள் இரண்டு, எரிந்த நூலகம் ஒன்று, 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலே வேண்டாம் என்று சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி ஆயுளை ஆறாண்டு நீட்டித்துக் கொண்ட ஒரு பார்லிமெண்ட்! வாசல் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டுச் சத்தியம் செய் என்பது வேறு. எல்லா வாசலையும் அடைத்துவிட்டுச் சத்தியம் செய் என்பது வேறு.

அதே 1983 ஆகஸ்டில், சென்னையில் கலைஞரும் பேராசிரியரும் தங்கள் சட்டமன்றப் பதவிகளை ஈழத்தமிழருக்காகத் துறந்தார்கள். பதவியைத் துறப்பது இந்த இயக்கத்துக்குப் புதிதன்று. நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறிய 1944 ஆகஸ்ட் சேலம் மாநாட்டிலேயே, வெள்ளையர் தந்த பட்டங்களையும் பதவிகளையும் விட்டெறியச் சொன்னது அண்ணாதுரை தீர்மானம். ஆனால், ஆசனத்தைத் துறப்பவன் மக்களிடம் திரும்பிப் போய் மறுபடி கேட்க முடியும். ஆசனம் பறிக்கப்பட்டவனுக்கோ போக்கிடம் கடல்தான். அமிர்தலிங்கம் கடல் கடந்து சென்னைக்கு வந்தார்.

'துரோகி' என்னும் சொல்

சபையின் வாசல் அடைபட்ட நாளில் வேறொரு வாசல் திறந்தது. பேச்சுக்காரர்கள் என்ன சாதித்தார்கள் என்று கேட்ட இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் படகேறி வந்தார்கள். மேட்டூரை அடுத்த கொளத்தூர்ப் பகுதியில் 80-களின் நடுவில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் இயங்கியதை இந்தச் சீமை அறியும். வீட்டுப் பிள்ளைகளைப் போல அவர்களைப் பார்த்தது சேலத்து மண். அவர்கள் பட்ட துயரம் பொய்யன்று. அவர்கள் காட்டிய வீரமும் பொய்யன்று.

ஆனால், ஆயுதம் கைக்கு வந்ததும், வாதம் வேண்டாததாயிற்று. 1985 செப்டம்பரில், கூட்டணியின் முன்னாள் உறுப்பினர்கள் தர்மலிங்கமும் ஆலாலசுந்தரமும் யாழ்ப்பாணத்தில் கடத்திக் கொல்லப்பட்டார்கள். கொன்றது சிங்களப் பட்டாளம் அன்று. 1986 மே 4-இல் மதுரையில் டெசோ மாநாடு, வாஜ்பாயும் என்.டி. ராமராவும் வந்து ஈழத்தமிழருக்காகப் பேசினார்கள். அந்த வாரத்திலேயே யாழ்ப்பாணத்தில் டெலோ தலைவர் சிறீ சபாரத்தினத்தைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். இந்தியா முழுதும் ஆதரவு திரண்ட வேளையில், தமிழனைத் தமிழன் வேட்டையாடினான்.

கொல்லுமுன் ஒரு சொல் வரும். துரோகி! அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? வேதனையோடு சொல்ல வேண்டிய செய்தி இது. 70-களில், கொழும்பு ஆட்சியோடு சேர்ந்த தமிழர்களைத் துரோகிகள் என்று கூட்டணி மேடைகளில் முழங்கினார்கள். இளைஞர்கள் கைதட்டினார்கள். 1975 ஜூலையில் யாழ்ப்பாண மேயர் துரையப்பா சுடப்பட்டார். 1970-இல் அமிர்தலிங்கத்தைத் தோற்கடித்த தியாகராசா 1981 மே மாதத்தில் சுடப்பட்டார். மேடையில் பேசியவர் வாயால் சொன்னார், அதை வசை என்று நினைத்தார். கேட்டவன் அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டான். பிறகு, கூட்டணி மாவட்ட சபையை ஏற்றபோது, திம்புவில் பேச அமர்ந்தபோது, 1987 ஜூலை 29-இன் இந்திய - இலங்கை உடன்பாட்டை வரவேற்றபோது, அதே சொல் அமிர்தலிங்கத்தைத் தேடி வந்தது.

தேநீர் அருந்த வந்தவர்கள்

அவர் நினைத்திருந்தால் சென்னையிலேயே இருந்திருக்கலாம். போனார். 1989 பிப்ரவரித் தேர்தலில் உதயசூரியன் சின்னத்தில் மட்டக்களப்பில் நின்றார், தோற்றார், தேசியப் பட்டியல் வழியாகச் சபைக்குள் நுழைந்தார். ஐந்தரை ஆண்டுக்குப் பிறகு மறுபடியும் ஆசனம்! வயது 61. ஒரு பக்கம் ஆறாவது திருத்தம், மறுபக்கம் துப்பாக்கி; நடுவில் நின்று, இருப்பதை வைத்து மேலும் கேட்போம் என்று பழைய வழக்கைப் புதிதாகத் தொடங்கினார்.

1989 ஜூலை 13 மாலை. கொழும்பில் கூட்டணித் தலைவர்கள் தங்கியிருந்த வீடு. புலிகள் தரப்பிலிருந்து பேச வருகிறார்கள் என்று இளைஞர்கள் வந்தார்கள். ஏற்பாடு செய்தவர் யோகேஸ்வரன். நம்பி வருகிறவர்களைச் சோதனையிட வேண்டாம் என்று காவலர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. தேநீர் கொடுத்தார்கள். பேசிக் கொண்டிருக்கையிலேயே துப்பாக்கி வெடித்தது. அமிர்தலிங்கம் அங்கேயே மாண்டார், யோகேஸ்வரனும் மாண்டார், கூட்டணித் தலைவர் சிவசிதம்பரம் குண்டு பாய்ந்தும் பிழைத்தார். சுட்டவர்களை வீட்டுக் காவலர்கள் சுட்டு வீழ்த்தினார்கள்.

1956-இல் சிங்களக் கும்பல் எறிந்த கல்லுக்குத் தப்பிய தலை அது. 1983-இல் கொழும்பு எரிந்தபோதும் தப்பிய உயிர் அது. விருந்தினராக வந்த தமிழ்ப் பிள்ளைகளின் கையில் முடிந்தது.

பிறகு நடந்தவை தோழர்கள் அறிந்தவை. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர்; தமிழகத்தில் ஈழத்துக்கென நாற்பது திசையிலும் எழுந்த குரல் ஒரே இரவில் அடங்கிப் போயிற்று. 1999 ஜூலையில் நீலன் திருச்செல்வம். சட்டத்தின் வழியே தீர்வு எழுதிக் கொண்டிருந்தவர், கொழும்பு வீதியில் கொல்லப்பட்டார். 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால். அந்தக் கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை மடிந்திருக்கக் கூடும் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த குழு 2011-இல் எழுதியது. அந்தப் பிணங்களுக்கு முதற்பொறுப்பு கொழும்பு ஆட்சி. அதில் நமக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால், உலகத்தின் முன் எழுந்து நின்று வழக்குரைக்க வல்ல தமிழர்கள் அன்றைக்கு எங்கே இருந்தார்கள்? பலர் கல்லறையில்! அனுப்பியவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியும்.

வாசலை அடைத்தவன் ஆட்சியாளன்; அதே வாசலில் நின்று காவல் காத்தவனைக் கொன்றவன் இளைஞன். இருவரும் பகைவர்கள், செய்த வேலை ஒன்றே.

இங்கே இருக்கும் நாம்

இந்தக் கதையிலிருந்து நாம் எடுத்துச் செல்ல வேண்டியவை இரண்டு. மேடை ஏறும் தோழர்களுக்கு ஒன்று: மாற்றுக் கட்சிக்காரனைத் தாக்குங்கள், அவன் கொள்கையைக் கிழித்துத் தோரணம் கட்டுங்கள், கட்சிக்குள்ளே எதிர்த்துப் பேசுகிறவனிடம் இரவு முழுதும் வாதாடுங்கள். ஆனால், துரோகி என்ற சொல்லை எடுக்குமுன், கைதட்டப் போகிறவன் யார், அவன் கையில் நாளை என்ன இருக்கும் என்று ஒருமுறை நினையுங்கள்.

உழைக்கும் தோழர்களுக்கு ஒன்று: பேசி என்ன ஆகும் என்று கேட்பவர், தாரமங்கலம் பக்கத்துப் பவளத்தானூருக்கோ பரமத்திக்கோ ஒரு நடை போய்வரட்டும். தமிழ்நாடெங்கும் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட இலங்கைத் தமிழர் முகாம்களில் அவையும் உண்டு. 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்றாக்கியது. வீடுகளும் கட்டத் தொடங்கியது. அங்கே நாற்பது வயதில் ஒரு தொழிலாளி இருப்பார், இங்கேயே பிறந்தவர், நம்மோடு பெயிண்ட் அடிக்கிறவர், நம்மைப் போலவே கூலி வாங்குகிறவர். 1948-இல் ஓட்டுப் பறிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகளும் இந்த முகாம்களில் உண்டு. 2019-இல் டில்லி கொண்டு வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் அண்டை நாடுகள் மூன்றைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை.

அவர்களில் பெரும்பாலோருக்கு அங்கேயும் ஓட்டில்லை, இங்கேயும் ஓட்டில்லை. தங்களுக்காக எழுந்து பேச, தாங்களே அனுப்பிய ஓர் ஆள் எந்தச் சபையிலும் இல்லை. ஓட்டின் விலை என்ன என்று அவர்களைக் கேளுங்கள். பிறகு வந்து நம்மிடம் சொல்லுங்கள். அவர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று நம் சார்பில் சபைக்குப் போனவர்கள் பேசுகிறார்களா என்பதையும் கேளுங்கள். பேசாவிட்டால், பேச வையுங்கள்!